இந்தப் படத்தைப் பிள்ளைகள் பார்க்கலாமா?

வானொலி மறையுரை – திருக்குடும்ப விழா, டிசம்பர் 28, 2025
வாசகங்கள்: சீராக் 3: 2-6, 12-14, கொலோசையர் 3: 12-21, மத்தேயு 2: 13-15, 19-23



இன்றைய நற்செய்தியை விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மத்தேயு இரண்டாம் அதிகாரம் 13-ஆம் வசனத்தில் தொடங்கிய வாசகம் 15-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பிறகு 19-க்குத் தாவி 23-இல் முடிகிறது. நடுவில் மூன்று வசனங்கள் விடப்பட்டிருக்கின்றன. அந்த மூன்று வசனங்களில்தான் ஏரோது பெத்லகேம் குழந்தைகளைக் கொல்கிறான். இராகேல் ஆறுதல் பெற மறுத்து அழுவதும் அங்கேதான்.

திருச்சபை இதை மறைத்துவிட்டதா? இல்லை. டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகளின் விழா. அந்த விழாவின் திருப்பலியில் 13 முதல் 18 வரை முழுவதும் வாசிக்கிறோம். இந்த ஆண்டு அந்த நாள் ஞாயிறாக வந்ததால் திருக்குடும்ப விழா முன்னுரிமை பெற்றுவிட்டது. ஆகவே ஒரே அதிகாரத்தின் அதே பகுதியை ஒரு விழாவில் உரக்க வாசிக்கிறோம், இன்னொரு விழாவில் விட்டுச் செல்கிறோம். எதைச் சொல்வது என்பதோடு, எப்போது, எந்த இடத்தில் சொல்வது என்றும் தாயாகிய திருச்சபை எடைபோட்டுப் பார்க்கிறது. வீட்டில் தாயும் தந்தையும் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்.

இதை இன்று பேசுவதற்குக் காரணம் ஒரு கடிதம். நம் நேயர் ஒருவர், ஒரு தாய், எழுதியிருக்கிறார். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9 வயது. விடுமுறைக்காக அவருடைய அண்ணன் மகனும் வந்திருக்கிறான். அவனுக்கு ஏழு வயது. அவனுடைய அப்பா இந்த ஆண்டு சாலை விபத்தில் இறந்துவிட்டார். பிள்ளைகள் ஒரு படம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். மர பொம்மை பினோக்கியோவின் கதை. "பொம்மைப் படம்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும்" என்கிறார் கணவர். "கிறிஸ்து பிறப்புக் காலத்தில் வீட்டில் பேய்ப் படமா?" என்கிறார் மாமியார். "நீங்களே சரியா தப்பா என்று சொல்லிவிடுங்கள், வீட்டில் சண்டை ஓயட்டும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிந்தால் எளிதுதான். அந்தப் படத்தை நாங்கள் முழுவதும் பார்த்தோம். பார்த்த பிறகு, மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே பதில் இல்லை என்றுதான் தோன்றியது.

படத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பினோக்கியோ என்றால் பொய் சொன்னால் மூக்கு நீளும் பொம்மை என்பதுதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொல்லோடி இந்தக் கதையை 1881-ஆம் ஆண்டில் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராக எழுதத் தொடங்கினார். அவர் முதலில் எழுதியபடி பினோக்கியோ மரத்தில் தூக்கிலிடப்படுவதோடு கதை முடிந்துவிட்டது. வாசகர்கள் கேட்டுக்கொண்டதால்தான் தொடர் நீண்டு, 1883-இல் முழுப் புத்தகமாக வந்தது. 1940-இல் வந்த டிஸ்னி படம் அதை மிகவும் மென்மையாக்கியது. எனவே பிள்ளைகளுக்கு எழுதிய கதையில் இருள் புகுந்தது இந்தக் காலத்தில்தான் என்று நினைக்க வேண்டாம்.

நேயர் குறிப்பிட்ட படம் 2022-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இயக்கியவர்கள் கியெர்மோ தெல் தோரோ, மார்க் குஸ்தாஃப்சன் இருவரும். 2023-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. தெல் தோரோ மெக்சிகோவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். பின்னாளில் நம்பிக்கை வாழ்விலிருந்து விலகிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் சிறுவயதில் ஆலயத்தில் பார்த்த பாடுபட்ட சுரூபம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை என்பது படத்தைப் பார்த்தால் தெரிகிறது.

கதை இதுதான். முதல் உலகப்போர்க் காலம். இத்தாலியில் ஒரு சிற்றூர். மரச்சிற்பி ஜெப்பெத்தோவுக்கு கார்லோ என்று ஒரே மகன். ஊர் ஆலயத்துக்குப் பெரிய பாடுபட்ட சுரூபம் ஒன்றை அப்பா செதுக்குகிறார், மகன் கூடவே இருக்கிறான். ஆலயத்தின்மேல் குண்டு விழுகிறது. மகன் இறந்துபோகிறான். ஆண்டுகள் கடந்தும் குடியிலும் துக்கத்திலும் மூழ்கிக் கிடக்கும் ஜெப்பெத்தோ, மகனின் கல்லறையருகே வளர்ந்த பைன் மரத்தை ஒரு புயல் இரவில் வெட்டி பொம்மை செய்கிறார். அந்தப் பொம்மை உயிர்பெறுகிறது. பிறகு வித்தைக் கூடாரம், முசோலினி ஆட்சி, சிறுவர்களுக்குத் துப்பாக்கி கொடுக்கும் பயிற்சி முகாம், கடலில் பெரிய விலங்கின் வயிறு என்று கதை போகிறது. பினோக்கியோ பலமுறை இறக்கிறான், பலமுறை திரும்பி வருகிறான். சாவின் உலகில் கருப்பு முயல்கள் சவப்பெட்டி சுமக்கின்றன.

இதைக் கேட்கும்போதே "பொம்மைப் படம்தானே" என்ற பேச்சு நிற்காது என்று தெரிகிறது. பொம்மையால் எடுத்த படம் என்பது எடுத்த முறையைச் சொல்கிறது. யாருக்காக எடுத்தது என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்காவில் இதற்குப் 'பிஜி' சான்று கொடுத்தார்கள். பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்று அதற்குப் பொருள். நம் நாட்டில் திரையரங்குக்கு வரும் படத்தைத்தான் தணிக்கை வாரியம் பார்த்துச் சான்று தருகிறது. இணையத் தளத்தில் வரும் படங்களை, 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, அந்தந்த நிறுவனமே யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வகைப்படுத்துகிறது. 13 வயதும் அதற்கு மேலும் குறித்த படங்களுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தர வேண்டும். அந்த எண்ணைப் பாருங்கள், பூட்டையும் பயன்படுத்துங்கள். ஆனால் அந்த எண்ணைப் போட்டவருக்கு உங்கள் மகளைத் தெரியாது. அப்பாவை இழந்த அந்தச் சிறுவனையும் தெரியாது. தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருவோம். அதையும் தள்ளிவிட முடியாது. திரைப்படம் பிள்ளைகளின் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதைத் திருச்சபை நெடுங்காலமாகவே கவனித்து வந்திருக்கிறது. 1936-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் திரைப்படங்களைப் பற்றி மட்டுமே ஒரு சுற்றுமடல் எழுதினார். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. நம்பிக்கைக்கும் ஒழுக்கத்துக்கும் கேடானவை வீட்டுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் கடமை பெற்றோருக்கு உண்டு என்று அது 10-ஆம் எண்ணில் நினைவூட்டுகிறது.

அதே ஏட்டின் 7-ஆம் எண்ணையும் படிக்க வேண்டும். தீமையைக் கதையில் காட்டுவது மனிதரை ஆழமாகப் புரிந்துகொள்ள உதவக்கூடும் என்கிறது. அப்படிக் காட்டுவது ஒழுக்க நெறிக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. 1995-இல் சினிமா பிறந்த நூற்றாண்டு நினைவாக வத்திக்கான் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இரத்தம் குடிக்கும் பேயைப் பற்றிய 'நோஸ்ஃபெராட்டு' என்ற 1922-ஆம் ஆண்டுப் படமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பேய் வருகிறது என்பதற்காக மட்டும் ஒரு படத்தைத் திருச்சபை தள்ளிவிடவில்லை. பெரியவர்கள் பார்த்துச் சிந்திக்கத்தக்கது வேறு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காட்டத்தக்கது வேறு என்பது உண்மை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க நாம்தான் கற்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லும் கதைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சோறு ஊட்டும்போது பூச்சாண்டி வருவான் என்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் தாவீது கோலியாத்தை வென்ற கதையைச் சொல்கிறோம். அந்தக் கதை கோலியாத்தின் தலையை வெட்டுவதில்தான் முடிகிறது. தவக்காலத்தில் சிறுவர்களைக் கையைப் பிடித்துச் சிலுவைப்பாதைக்கு அழைத்துப் போகிறோம். பாஸ்கா நாடகத்தில் சாட்டையடியை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைகள் உண்டு. முள்முடியும் ஆணியும் இரத்தமும் நம் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. நம் குழந்தைகள் அதன்கீழ்தான் தூங்குகிறார்கள்.

ஏன் அவர்கள் அஞ்சி ஓடவில்லை? அந்தக் கதையை யாரும் அவர்களிடம் தனியே கொடுத்துவிட்டுப் போகவில்லை. பாட்டி மடியில் உட்கார வைத்துச் சொன்னார். "ஏன் அடிக்கிறாங்க?" என்று குழந்தை கேட்டபோது அம்மா பதில் சொன்னார். வெள்ளிக்கிழமை அழுத பிள்ளையைச் சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்புக்கும் அழைத்துப் போனார்கள். இருண்ட கதையோடு உடன் இருப்பவர்களும் கிடைத்தார்கள், கதையின் முடிவும் கிடைத்தது.

இந்த அளவுகோலை வைத்துப் படத்தை எடைபோடலாம். மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: இந்தக் கதை தீமையை நன்மை என்று காட்டுகிறதா? எங்கள் பார்வையில், இல்லை. ஊரில் அதிகாரம் செய்பவர் ஒருவர், சாகாத பொம்மை நல்ல போர்வீரன் ஆகும் என்று கணக்குப் போடுகிறார். தன் சொந்த மகனையே கோழை என்று சொல்லிச் சொல்லித் துப்பாக்கியைத் திணிக்கிறார். அந்த மகன் ஒரு கட்டத்தில் அப்பாவை எதிர்த்து நிற்கிறான். பிள்ளைகளின் உயிரைத் தன் அரியணைக்காகப் பயன்படுத்துபவன் யார் என்பது ஏரோதின் கதை தெரிந்த நமக்குப் புரியும். இறுதியில் பினோக்கியோ, இனி திரும்பி வர முடியாது என்று தெரிந்தே, அப்பாவைக் காப்பாற்றத் தன் சாகாவரத்தைக் கைவிடுகிறான். பிறருக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று யோவான் நற்செய்தியில் ஆண்டவர் சொன்னதை ஒரு பிள்ளைக்கு விளக்க இந்தக் காட்சி நன்றாகவே உதவும்.

இரண்டாவது கேள்வி: நம் நம்பிக்கையைப் பற்றி இது என்ன சொல்கிறது? இங்கே கவனம் வேண்டும். சாவையும் உயிரையும் ஆளுகிற இரண்டு சகோதரிகள் படத்தில் வருகிறார்கள். அது கற்பனை. இறந்தவர் கடவுளின் கையில் இருக்கிறார் என்ற எதிர்நோக்கும், உயிர்ப்பும் இந்தப் படத்தில் இல்லை. வாழ்நாள் சிறிது, அதனால்தான் அது அருமையானது என்பதோடு படம் நின்றுவிடுகிறது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியை வீட்டில் நாம் சொல்ல வேண்டும்.

ஆலயக் காட்சி ஒன்றும் உண்டு. உயிருள்ள பொம்மை ஆலயத்துக்குள் வந்ததைப் பார்த்து மக்கள் பேய் என்று கூச்சலிடுகிறார்கள். பின்னர் பினோக்கியோ பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்து அப்பாவிடம் கேட்கிறான்: இவரும் மரத்தால் ஆனவர்தானே, இவரை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, என்னை மட்டும் ஏன் பிடிக்கவில்லை? இதைக் கேட்டுச் சிலருக்கு வருத்தம் வரலாம். நமக்கு அது ஒரு நல்ல மறைக்கல்விக் கேள்வியாகத் தோன்றியது. உங்கள் மகள் இதைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? யாருக்கும் பிடிக்காமல் போனவர்களுக்காகத்தான் அவர் அந்த மரத்தில் தொங்கினார் என்று சொல்லுங்கள். அவருக்குப் பாட்டுப் பாடிய அதே மக்கள், அவர் கண்முன்னேயே ஒரு சிறுவனை விரட்டினார்கள் என்பதையும் சொல்லுங்கள். நம் ஆலயத்தில் நடக்கத் தெரியாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, ஓரிடத்தில் உட்கார மாட்டாத பிள்ளை வரும்போது நாம் எப்படித் திரும்பிப் பார்க்கிறோம் என்று நம்மையும் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வி: எந்தப் பிள்ளை? இதுதான் முக்கியமான கேள்வி. வயது ஒரு குறிப்புத்தான். ஒரே வயதில் ஒரு பிள்ளை அசையாமல் பார்க்கும், இன்னொரு பிள்ளை மூன்று நாள் தூங்காது. அது கோழைத்தனமும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. இரவில் விளக்கை அணைக்க விடாத பிள்ளையா? ஒரு காட்சி பிடிக்கவில்லை என்றால் வாய்திறந்து சொல்லும் பிள்ளையா, அண்ணன் கேலி செய்வானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் பிள்ளையா? அண்மையில் வீட்டில் சாவு, பிரிவு, நோய் ஏதேனும் நடந்ததா? இவற்றுக்கெல்லாம் எந்தச் சான்றிதழிலும் பதில் இருக்காது.

இப்போது அந்தத் தாய்க்கு எங்களால் முடிந்த பதில் இது. நீங்களும் கணவரும் முதலில் தனியாகப் பாருங்கள். இரண்டு மணி நேரம்கூட இல்லை, 117 நிமிடங்கள்தான். 14 வயது மகனோடு தயங்காமல் உட்கார்ந்து பார்க்கலாம். முசோலினி யார், ஏன் அந்தச் சிறுவர்களுக்குச் சீருடை மாட்டினார்கள் என்று அவனிடம் பேசலாம். 9 வயது மகளைப் பற்றி, படத்தைப் பார்த்த பிறகு நீங்களே முடிவெடுங்கள். காட்டுவதென்றால் பகலில், உங்கள் பக்கத்தில், வேண்டாம் என்றால் எழுந்து போகலாம் என்று முன்பே சொல்லிவிட்டுக் காட்டுங்கள். முடிந்தவுடன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

அண்ணன் மகனுக்கு இப்போது வேண்டாம். படம் தொடங்கியதும் அப்பாவும் மகனும் பிரிகிறார்கள். பிறகு இறந்தவன் எழுந்து வருகிறான், மறுபடியும் வருகிறான், மறுபடியும் வருகிறான். ஏழு வயதுப் பிள்ளைகள் பலருக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்பது இன்னும் முழுவதும் பிடிபட்டிருக்காது. "அப்பா எப்போ வருவாங்க?" என்று அவன் கேட்கக் கூடும். கேட்காமல் மனத்துக்குள்ளேயே வைத்துக் காத்திருக்கவும் கூடும். அது இன்னும் கடினம்.

ஆனால் அவனை மட்டும் அடுத்த அறையில் உட்கார வைத்துவிட்டுப் படத்தின் சத்தம் கேட்கும்படி விடாதீர்கள். "நீ சின்னப் பையன், பயந்துடுவே" என்றும் சொல்ல வேண்டாம். மற்றவர்கள் பார்க்கும் நேரத்தில் மாமா அவனைக் கூட்டிக்கொண்டு பங்கில் அன்பியங்கள் வைத்திருக்கும் குடில்களைப் பார்த்துவிட்டு வரலாம். வரும் வழியில் அவன் அப்பாவின் பேச்சு வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். அவனுக்குப் படத்திலிருந்து பாதுகாப்பு வேண்டும், தன் துயரத்தைப் பேசுவதற்கு இடமும் வேண்டும். அழுத இராகேலை விவிலியம் கண்டிக்கவில்லை, அவசரமாகத் தேற்றவும் இல்லை. அண்ணனை இழந்த நீங்களும் அவனோடு சேர்ந்து அழுதால் அதில் தவறு ஒன்றுமில்லை.

மற்றொரு எச்சரிக்கை. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த ஒரு படத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். நாம் தேர்ந்தெடுக்காத படங்கள் எத்தனை? ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. அதே இயக்குநரின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' இந்த நவம்பரில் அதே தளத்தில் வந்திருக்கிறது. அது பெரியவர்களுக்கான, இரத்தம் மிகுந்த படம். ஒரே பெயரைப் பார்த்து ஒரு பிள்ளை அதைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில், திரைகளின் வழியாக நம் பிள்ளைகளின் அறைக்குள் யார் நுழைகிறார்கள் என்று பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆனால் எந்நேரமும் கண்காணித்துக்கொண்டே இருப்பது வளர்ப்பு ஆகாது என்றும் அடுத்த எண்ணிலேயே சொல்கிறார். பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, அதன் மனம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பது அவர் கவலை.

அன்புக்குரியவர்களே, இந்தப் படத்தில் மிகவும் அச்சமூட்டும் இடம் எது என்று எங்களைக் கேட்டால், கடல் விலங்கையோ கருப்பு முயல்களையோ சொல்ல மாட்டோம். களைத்துப்போன ஜெப்பெத்தோ கோபத்தில் பினோக்கியோவைப் பார்த்து, நீ எனக்குப் பாரம் என்று சொல்லும் இடம்தான். அவருக்கு வேண்டியது கார்லோ. கிடைத்தது பினோக்கியோ. கிடைத்த பிள்ளையை இழந்த பிள்ளையாக மாற்றப் பார்க்கிறார். அந்த ஒரு சொல்லைக் கேட்டபின் சிறுவன் வீட்டைவிட்டே போய்விடுகிறான்.

அரையாண்டு மதிப்பெண் இன்னும் சில நாளில் வந்துவிடும். "அண்ணனைப் பார்", "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்", "உன்னால்தான் இந்தக் கடன்" என்ற பேச்சுகள் நம் வீடுகளில் புதியவை அல்ல. அவற்றுக்கு யாரும் வயதுச் சான்று கொடுப்பதில்லை. எந்தப் பூட்டாலும் தடுக்க முடியாது. பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் மனம் தளர்ந்துவிடும்படி அவர்களுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள் என்பதுதான் பவுலடியார் கொலோசையருக்கு எழுதியதன் பொருள். இன்றைய இரண்டாம் வாசகத்தின் கடைசிச் சொற்கள் அவை. பிள்ளையை எந்தப் படத்திலிருந்து காப்பது என்று பேசும் நாம், நம் நாவிலிருந்தும் அவர்களைக் காக்க வேண்டியிருக்கிறது.

ஜெப்பெத்தோ மரவேலை செய்பவர். நம் புனித யோசேப்பும் தச்சர். தன் இரத்தத்தில் பிறக்காத பிள்ளையை, தான் நினைத்தபடி செதுக்கப் பார்க்காமல், கடவுள் தந்தபடியே ஏற்றுக்கொண்டார். இன்றைய நற்செய்தியில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் மூன்று முடிவுகள் எடுக்கிறார். ஆபத்து வந்தபோது இரவோடு இரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போனார். காலம் வந்தபோது எகிப்திலேயே ஒளிந்திருக்காமல் திரும்பினார். யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலா ஆளுகிறான் என்று கேள்விப்பட்டதும் அஞ்சினார், கனவில் எச்சரிக்கப்பட்டார், வழியை மாற்றி நாசரேத்துக்குப் போனார்.

நமக்கும் இந்த மூன்றும் வேண்டும். சில படங்களிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். அதற்காக ஆயுள் முழுவதும் எகிப்திலேயே வைத்திருக்க முடியாது. இருள் உள்ள உலகில்தான் அவர்கள் வாழப்போகிறார்கள். யூதேயாவுக்குள் தனியாக அனுப்பிவிடவும் கூடாது. நடுவில் ஒரு நாசரேத்து இருக்கிறது. அங்கே பிள்ளை வளரும், கேள்வி கேட்கும், பதில் சொல்ல ஆள் இருக்கும். அந்த நாசரேத்து எங்கே என்று கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கடவுள் யோசேப்பிடமும் மரியாவிடமும் விட்டார். நம் வீட்டில் அதை நம்மிடம் விட்டிருக்கிறார்.

செபிப்போம்.

எங்கள் குடும்பங்களைக் காக்கும் ஆண்டவரே, எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எப்போது பேசுவது, எப்போது அமைதி காப்பது என்று அறியும் ஞானத்தை எங்களுக்குத் தாரும். இந்தத் திருநாள்களில் தந்தையையோ தாயையோ நினைத்து ஏங்கும் குழந்தைகளுக்கு அருகே உட்காரும் பொறுமையை எங்களுக்குத் தாரும். நீர் தந்த பிள்ளைகளை நீர் தந்தபடியே ஏற்றுக்கொள்ள, புனித யோசேப்பின் வேண்டுதலால் எங்களுக்கு அருள்புரியும்.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.